மக்கல் காலடியில் தொடங்குகிறது

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய திருவக்கரையில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சிலர்தான் பக்கத்திலுள்ள தேசியக் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். செம்மண் மேட்டில் அடிமரங்கள் படுத்திருக்கும். சில 15 மீட்டர் நீளம் வரும். நார் ஓட்டமும் கணுவும் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் கல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. கிளை, வேர், பட்டை எதுவும் ஒட்டியில்லாததே அவை வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தவை என்பதற்குச் சான்று.

அந்த மரங்கள் ஏன் மக்கவில்லை? திண்டிவனத்தில் உங்கள் வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில், நீங்களே பலகை வாங்கி அடித்துப் போட்ட பெஞ்சு மட்டும் ஏன் நான்கைந்து மழைக்காலத்துக்குள் ஆட்டம் காண்கிறது? இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

மரத்தைத் தின்பது மழையோ வெயிலோ இல்லை, பூஞ்சை. மரத்தின் உயிரணுச் சுவரிலுள்ள செல்லுலோசையும் லிக்னினையும் உடைத்துச் சாப்பிடுவது அதற்குத் தொழில். அந்தத் தொழில் நடக்க நான்கு பொருள்கள் வேண்டும்: உணவாக மரம், நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன், மிதமான வெப்பம். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் மக்கல் நின்றுவிடும். திருவக்கரை மரங்கள் மணலுக்கடியில் சட்டென்று மூடப்பட்டதால் ஆக்சிஜன் எட்டவில்லை. பூஞ்சை வேலை தொடங்கும் முன்பே நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா உயிரணுக்களுக்குள் படிந்து, மெல்ல மெல்ல மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது.

வாசல் பெஞ்சுக்கு இந்த வசதி இல்லை. உணவை அகற்ற முடியாது, பெஞ்சே அதுதான். காற்றைத் தடுக்க முடியாது. வெப்பத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகையில் விழுப்புரத்தில் நிலவும் 22 முதல் 30 டிகிரி செல்சியஸ் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை. நாம் கை வைக்கக்கூடியது நீர் ஒன்றில் மட்டும். ஆகவே வெளியில் கிடக்கும் மரச்சாமானைப் பழுதுபார்ப்பது என்றால் அதன் உடம்பில் நீர் எங்கே தங்குகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைத் திறந்துவிடுவது. மற்ற வேலை எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

‘தங்குகிறது’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். மரத்தில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. உயிரணுச் சுவருக்குள் ஊறியிருப்பது ஒன்று, உயிரணுவின் வெற்றிடத்தில் நிரம்பியிருப்பது இன்னொன்று. சுவர் மட்டும் முழுதாக ஊறிய நிலையில் ஈரம், காய்ந்த மரத்தின் எடையில் 28 முதல் 30 சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சை வேர்கொள்ளாது. சித்திரை வெயிலில் நிழலில் கிடக்கும் பலகையின் ஈரம் 9 அல்லது 10 சதவீதம். கார்த்திகையில் மழை படாமல் திண்ணையில் இருந்தாலும், காற்றின் ஈரத்தைக் குடித்தே அது 17 வரை ஏறிவிடும். அதுவரை ஆபத்தில்லை. மழையில் நனைந்த பலகையின் முகம்கூட வெயில் வந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். காயாமல் நிற்கும் இடங்கள் வேறு: தரையைத் தொடும் காலின் அடி, இரண்டு கட்டைகள் சேரும் மூட்டு, ஆணி இறங்கிய துளை, பலகையின் அறுத்த முனை.

அறுத்த முனைதான் இவற்றில் மோசம். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை நீரை இழுக்கும். பலகையின் மேல்முகம் குடிப்பதைவிட முனை பல மடங்கு வேகமாகக் குடிக்கும். பெஞ்சின் நான்கு கால்களும் இப்படி வாய் திறந்த முனைகளை ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. மேலே பளபளவென்று வார்னிஷ் பூசிவிட்டு, காலடியைப் பூசாமல் விட்ட பெஞ்சுகளே ஊரில் அதிகம். அது வீண் செலவு என்பேன். பூசுவதற்கு ஒரு கைப்பிடி எண்ணெய்தான் இருக்கிறதென்றால், அதைக் காலடிக்கும் முனைகளுக்கும் கொடுங்கள். முதுகு தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

பெஞ்சு வெளுத்துச் சாம்பல் நிறமானதைப் பார்த்துப் பலர் மரம் போய்விட்டதாக நினைக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது, வெளுத்த நார் மிஞ்சுகிறது. ஆனால் அந்தக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குக்கு மேல் இறங்குவதில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து மென்மரத்தைத் தேய்க்கும் வேகம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. உப்புத்தாள் போட்டு இரண்டு தேய் தேய்த்தால் அடியில் பழைய நிறம் வந்துவிடும். சாம்பல் நிறத்துக்குப் பயப்படாதீர்கள். கருமைக்கும் மென்மைக்கும் பயப்படுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் காலடியையும் மூட்டுகளையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். மக்கிய மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால், பூஞ்சை செல்லுலோசைத் தின்று லிக்னினை விட்டுவைத்திருக்கிறது. வெளுத்து நார் நாராகப் பிரிந்தால் லிக்னினும் போய்க்கொண்டிருக்கிறது. எதுவாயினும் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் பூஞ்சை இழைகள் சில சென்டிமீட்டர் ஓடியிருக்கும். எனவே மக்கிய இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு எம்-சீல் அடைப்பது பயன் தராது. உள்ளே ஈரமும் பூஞ்சையும் பூட்டப்பட்டு வேலை தொடரும். காலின் அடிப்பகுதியை நல்ல மரம் வரும்வரை, அதற்கு மேலும் நாலு விரற்கடை, சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே சாய்வில் அறுத்த புதுக்கட்டையை ஒட்டுப்போட வேண்டும். செங்குத்தாக அறுத்து முனையோடு முனை ஒட்டினால் பசை பிடிக்காது. திறந்த குழாய்கள் பசையைக் குடித்துவிடும். நீண்ட சாய்வில் நார் நாரோடு படுவதால் பிடிப்பு உறுதியாகும்.

பசையிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து ஆசாரிகள் காய்ச்சி ஊற்றிய வச்சிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்தது. நீர் பட்டால் இளகும். இன்று எல்லாரும் வாங்கும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட். வீட்டுக்குள் அருமையாகப் பிடிக்கும், தொடர்ந்து ஈரம் பட்டால் தளரும். வெளிவேலைக்கு நீர் தாங்கும் வகையையோ, இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்சியையோ கேட்டு வாங்குங்கள். எதை வாங்கினாலும், வெளியில் கிடக்கும் மூட்டைப் பசையை நம்பி மட்டும் விடக்கூடாது. காரணம் மரத்தின் அசைவு.

ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நீளவாக்கில் இல்லையென்றே சொல்லலாம். அகலவாக்கில், வளையத்தின் ஓட்டத்தையொட்டி நடப்பது, மையத்திலிருந்து பட்டை நோக்கி நடப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 20 செ.மீ. அகலப் பலகை சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இடையில் 4 மி.மீ. வரை அகன்று குறுகும். அதன் இரண்டு ஓரத்தையும் ஆணியடித்து இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? நடுவில் வெடிக்கும். வெடிப்பில் நீர் நிற்கும். நின்ற நீரில் பூஞ்சை வரும். பெஞ்சின் மேற்பலகையில் நீளமாக ஓடும் அந்த வெடிப்பு ஆசாரியின் குறையும் இல்லை, மரத்தின் குறையும் இல்லை; ஆணி போட்ட இடத்தின் குறை. அகலமான ஒரே பலகைக்குப் பதில் 7 அல்லது 8 செ.மீ. அகலச் சட்டங்களை 6 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். இடைவெளியில் மழை வழிந்துவிடும், சட்டம் விரியவும் இடம் கிடைக்கும். பலகை அகலமாகத்தான் வேண்டுமென்றால் நடுவில் திருகை இறுக்கி, ஓரங்களில் நீள்வட்டத் துளை போட்டுத் தளர்வாக விடுங்கள்.

பலகையை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்பதும் முனையைப் பார்த்தால் தெரியும். அறுத்த முனையில் வளையங்கள் வில்லாக வளைந்திருக்கும். வில்லின் இரு நுனியும் வானத்தைப் பார்த்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். தரையைப் பார்த்தால் புரட்டிப் போடுங்கள். காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கும். தப்பான பக்கம் மேலே இருந்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

இந்த அசைவை முழுதாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட வெளிச்சாமான் ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது: கயிற்றுக் கட்டில். விக்கிரவாண்டி, மயிலம், செஞ்சிப் பக்கத்துக் களத்துமேடுகளில் இன்னும் கிடக்கிறது. நான்கு கால், நான்கு சட்டம். காலில் துளை, சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் போகும் கழுந்து. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பின்னிய கயிற்றின் இழுவிசை எதிரெதிர்ச் சட்டங்களை உள்நோக்கி இழுத்து, கழுந்தைத் துளைக்குள் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கோடையில் கட்டை சுருங்கி மூட்டு தளர்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும், எட்டு மூட்டும் ஒரே நேரத்தில் இறுகிவிடும். படுத்தால் கயிறு இன்னும் இழுக்கும், மூட்டு இன்னும் இறுகும். நீர் தேங்க அகலமான பரப்பே கிடையாது. மழை வந்தால் ஒருவர் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். சாய்த்தால் காலடி தரையைவிட்டு எழும்பிக் காயும். கெட்டுப்போவது கயிறுதான், அதை மாற்றலாம். வெளிச்சாமான் வடிவமைக்கும் எந்தக் கல்லூரியிலும் முதல் பாடமாக வைக்கத் தகுந்த பொருள் இது.

பெஞ்சுக்கும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் காணும் மூட்டில் இன்னொரு ஆணி அடிப்பதை விட்டுவிட்டு, கழுந்துக்குக் குறுக்கே துளையிட்டுக் காய்ந்த மூங்கில் ஆணி அடியுங்கள். கழுந்திலுள்ள துளையைக் காலின் துளையைவிட ஒரு மில்லிமீட்டர் உட்புறமாக, தோள்பக்கம் தள்ளிப் போட்டால், ஆணி இறங்கும்போதே மூட்டை இழுத்து இறுக்கிவிடும்.

இரும்பாணியைப் பற்றி ஒரு வார்த்தை. கருவேல மரத்தில் டானின் நிறைய. ஈரமான கருவேலில் இரும்பு பட்டால் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியதும் இதே வேதிவினையால்தான். கறை அழகைத்தான் கெடுக்கும். துரு அதற்கு மேலே போய் ஆணியைச் சுற்றியுள்ள செல்லுலோசை அரித்து, துளையை அகலமாக்கிவிடும். மரக்காணம் பக்கம் உப்பளக் காற்று படும் வீடுகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. உப்பளத்து மரத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. உப்பு ஊறிய கட்டை எளிதில் மக்காது, ஆனால் உள்ளே படிகமாகும் உப்பு நாரை நெம்பி நெம்பிப் பிரித்து, மேற்பரப்பைப் பஞ்சாக்கிவிடும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவதுதான் இதற்கு மருந்து.

புதுக்கட்டைக்கு எங்கே போவது? வேம்பு, பூவரசு, வாகை, கருவேலம் எல்லாவற்றிலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதியே வெளிவேலைக்கு ஆகும். மரம் முதிரும்போது நடு உயிரணுக்கள் இறந்து, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பிடிக்காத வேதிப்பொருள்களை அங்கே சேர்த்துவைக்கின்றன. வெளிப்புறத்து வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது. உளு அதைத் தேடித்தான் வருகிறது. மரத்தூள் மாவாய் உதிர்வது அதனால். பனையில் இது தலைகீழ். பனைக்குத் தேக்கைப்போல் ஆண்டுக்காண்டு பருக்கும் அடுக்கு கிடையாது; நீர்க் குழாய்க் கற்றைகள் கருநாராக வெளிவிளிம்பில் நெருங்கியிருக்கின்றன, நடு சோறாகக் கிடக்கிறது. தொல்காப்பியம் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் புறத்தே வைரமுள்ளதைப் புல் என்றும் பிரித்திருப்பது இந்த வேறுபாட்டைத்தான். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில் வைக்கிறது. இதற்காகப் பச்சைப் பனையை வெட்ட வேண்டாம், வெட்டவும் கூடாது. பழைய ஓட்டு வீடுகள் இடிபடும்போது விலைக்கு வரும் பனை வாரைகள் பல பத்தாண்டு உலர்ந்தவை, முற்றிய கருநாருள்ளவை. பெஞ்சுக் காலுக்கு அதைவிட நல்ல கட்டை இந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்காது.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரிகளை அடைத்துக்கொண்ட அந்த மரத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அகற்றியதை எல்லாம் கரிமூட்டம் போடுவதுதான் மனத்தை உறுத்துகிறது. கனமான, மிகக் குறைவாகவே சுருங்கும் கட்டை அது. இரு திசைச் சுருக்கத்துக்கும் வேறுபாடும் சிறிது, எனவே கோணுவதும் குறைவு. அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட்டில் அமெரிக்காவின் டெக்சாஸில் விலையுயர்ந்த மேசை நாற்காலி செய்கிறார்கள். நம் கட்டை குட்டையாகவும் வளைந்தும் கிடைக்கும் என்பது உண்மை. முக்காலிக்கும் பெஞ்சுக் காலுக்கும் எவ்வளவு நீளம் வேண்டும்? ஒன்றரை அடி.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேலட் கட்டைகளில் நாற்காலி செய்யும் பழக்கமும் பரவிவருகிறது. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால், கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது; வேண்டாம்.

இனி எண்ணெய். வேப்பெண்ணெய் பூசினால் பூச்சி வராது, நீரும் இறங்காது என்று பலர் தடவுகிறார்கள். பூச்சி வரையில் கொஞ்சம் பலன் உண்டு. நீரைப் பொறுத்தவரை ஏமாற்றம். எண்ணெய் மரத்தில் ‘காய்வது’ ஆவியாவதால் அல்ல. அதன் கொழுப்பு அமிலங்களிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. எத்தனை இரட்டைப் பிணைப்பு என்பதை அயோடின் எண் காட்டுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அது 10க்குள், வேப்பெண்ணெய்க்கும் புங்க எண்ணெய்க்கும் 100க்குக் கீழே, ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேலே. 130க்கு மேல் இருந்தால்தான் படலம் உருவாகும். மற்றவை பிசுக்காகவே நின்று, தூசி பிடித்து, அடைமழையில் கழுவப்பட்டு வெளியேறும். ஆகவே பெயின்ட் கடையில் ஆளிவிதை எண்ணெய் கேளுங்கள். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரு எச்சரிக்கை: காயும்போது அந்த வேதிவினை வெப்பத்தை உமிழும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வண்டிப் பட்டறைக் கழிவு ஆயிலை வேலிக் கம்புக்குத் தடவுவதைப் பார்த்துச் சிலர் பெஞ்சுக்கும் தடவுகிறார்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. குழந்தைகள் உட்காரும் பலகையில் அதற்கு இடமே இல்லை. உளுவுக்கு வெங்காரம் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வெந்நீரில் கரைத்துப் பூசினால் ஈரமான மரத்துக்குள் ஊடுருவும். மழையில் கரைந்து வந்துவிடுமென்பதால் கட்டை காய்ந்தபின் மேலே எண்ணெய் வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி ஊறிய மரச்சாமானை உடனே வெயிலில் போடுவது இயல்பான ஆசை. போடாதீர்கள். மேல்முகம் சட்டென்று சுருங்க, உட்புறம் ஊறியே நிற்க, முகம் வெடித்துப் பிளக்கும். சேற்றைக் கழுவி, நிழலில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி செங்கல் மேல் தூக்கி வைத்து, வாரக்கணக்கில் பொறுங்கள். அந்தச் செங்கல்லைப் பிறகும் எடுக்க வேண்டாம். அதைவிட நல்லது காலுக்கொரு கருங்கல் துண்டு. ஈர மண்ணுக்கும் காலடிக்கும் இடையில் அது நிற்கும்வரை முனைகள் நீரை உறிஞ்சாது, கரையான் ஏறினாலும் அதன் மண்கூடு கல்லின் மேல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பசையும் எண்ணெயும் காய்ந்த மரத்தில்தான் பிடிக்கும். நம் மாவட்டத்தில் மரம் ஆண்டிலேயே நன்றாக உலர்ந்திருப்பது கோடை முடியும் தறுவாயில். வைகாசியிலோ ஆனியிலோ, மழையில்லாத ஒரு வாரத்தைப் பார்த்து, பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் தொடங்குங்கள்.